மேலத்தோப்பு மருமகளின் கைதட்டல்

ஒரத்தநாட்டுப் பக்கம் மேலத்தோப்பில், சம்பா அறுவடை முடிந்த வயலில்தான் வருடா வருடம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடக்கும். உள்ளே பதினொரு பேர் விளையாடினால் வெளியே ஊரே விளையாடும். மைக் அமிர்தலிங்கத்தின் கையில். வெளியூர்க்காரன் சிக்ஸர் அடித்தால், "காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது" என்பார். உள்ளூர்க்காரன் டக் அவுட் ஆனால், "பெருந்தன்மையோடு விக்கெட்டை விட்டுக்கொடுத்தார்" என்பார்.

இந்த வருடம் இறுதிப் போட்டி குத்தாலத்து அணியோடு. மேலத்தோப்பின் கேப்டன் சதீஷுக்குத் தை மாதம்தான் கல்யாணமாகியிருந்தது. மனைவி பிரகதீஸ்வரி தஞ்சாவூர்க்காரி, கல்லூரி அணியில் விளையாடியவள். எல்லைக்கோட்டை ஒட்டிப் போட்டிருந்த பந்தலில் மாமியார் தர்மாம்பாளோடு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி ஓவரில், கடைசி விக்கெட்டாக நின்ற சதீஷ் பந்தைத் தூக்கி அடித்தான். அது நேராகப் பந்தலை நோக்கி வந்தது. குத்தாலத்து ஜெகபர் அலி எங்கிருந்தோ ஓடிவந்து, அறுத்த நெல் தாளில் முழங்கை உரசப் பாய்ந்து, தரையைத் தொடும் முன் ஒற்றைக் கையால் பிடித்துவிட்டான்.

பிரகதீஸ்வரி தன்னை மறந்து கை தட்டினாள்.

"தரையில பட்டுடுச்சு!" என்று ஊர் கத்தியது. டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். நடுவர் தமிழரசனுக்கு வெயில் கண்ணை மறைத்துவிட்டது. அவர் பந்தலுக்கே வந்துவிட்டார்.

"இங்க கை தட்டுனது யாருங்க?"

பந்தலே பிரகதீஸ்வரியைப் பார்த்தது.

"என் மருமவ கொசு அடிச்சுது சார்" என்றாள் தர்மாம்பாள் அவசரமாக.

"இல்லைங்க சார். நல்ல கேட்ச். கீழ படவே இல்ல."

தமிழரசன் விரலை உயர்த்தினார். மேலத்தோப்பு தோற்றது.

அன்று மாலை வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். துக்கம் கேட்பது போலத் தர்மாம்பாளிடம் கேட்டார்கள். "படிச்ச பொண்ணுன்னு சொன்னீங்களே" என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள். குத்தாலத்தில் மருமகளுக்கு உறவு இருக்கிறதா என்று இன்னொருவர் விசாரித்தார்.

எல்லோரும் போன பிறகு பிரகதீஸ்வரி கணவனிடம் கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கும் கோபமா?"

சதீஷ் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அவுட்டுன்னு எனக்கும் தெரியும். அவன் புடிச்சத நானும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் அங்கயே நின்னீங்க?"

"ஊரே இல்லைங்குது. நான் மட்டும் எப்படி நடந்து வர்றது?"

அவள் அவனுடைய ஷூவை எடுத்து வாசலில் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். அதுதான் அவனை உறுத்தியது. அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பான்.

அடுத்த மாதம் பக்கத்து ஊர் அணியோடு உள்ளூரிலேயே ஒரு ஆட்டம். கைதட்டல் மைக்கில் அறிவித்த பிறகே என்று கமிட்டி ஏகமனதாக முடிவெடுத்திருந்தது. பிரகதீஸ்வரி மடியில் கைகளைக் கோத்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சதீஷ் நன்றாக அடித்துக்கொண்டிருந்தான். திடீரென ஒரு பந்து மட்டையின் விளிம்பை லேசாக உரசிக் கீப்பரின் கைக்குப் போனது. யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. பந்து போட்டவன்கூட அவுட் கேட்கவில்லை. சதீஷ் ஒரு நிமிடம் தரையைப் பார்த்து நின்றான். பிறகு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

"ஏன் வர்றான்?" என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். நடுவருக்கே புரியவில்லை. அமிர்தலிங்கம் இரண்டு முறை இருமினார். பிறகு மைக்கில் அறிவித்தார்:

"வயிற்று உபாதை காரணமாக நமது கேப்டன் வெளியேறுகிறார்!"

ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. பந்தலுக்கு வந்த சதீஷ், "அம்மா, பந்து மட்டையில பட்டுச்சு, அவுட்டு" என்று விளக்கினான். தர்மாம்பாள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் மாதுளம்பழம் கொண்டுவந்தார். தர்மாம்பாள் கேப்டனுக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள். பிரகதீஸ்வரி எதிரே உட்கார்ந்து, பழத்தை உரித்துத் தானே தின்றுகொண்டிருந்தாள்.