சமாளிச்சுக்கலாம்

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிஸ்டரிடம் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது, "உங்களால முடியுமா?" என்பதுதான். இருபத்திரண்டு வருஷமாக அதற்கு அவர் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று. "சமாளிச்சுக்கலாம்." டாக்டரம்மா வராத நாளில் கூட்டம் வாசல் தாண்டி நின்றாலும் சமாளிச்சுக்கலாம். தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணினாலும் சமாளிச்சுக்கலாம். தெருவில் அவருக்குச் சமாளிப்பு சிஸ்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் காதுபடச் சொன்னாலும் கோபம் வராது, உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துதான் போகும்.

சுகாதார நிலையம் என்றதும் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், அதில் பன்னிரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் இருபது பேர். டாக்டரம்மாவுக்கு இதே மாதிரி இன்னொரு நிலையமும் இருந்ததால் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் பிரஷர் பார்ப்பதும் கட்டு மாற்றுவதும் கர்ப்பிணிகளுக்கு எடை பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் பதிவேடு எழுதுவதும் சிஸ்டர் ஒற்றை ஆள்தான். பக்கத்தில் ஒரு காலி மனை. 'சுகாதார நிலைய விரிவாக்கத்துக்காக' என்று எழுதிய பலகை ஒன்று அங்கே துருப்பிடித்து நின்றது. மனைக்குப் பின்னால் நாலு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மொத்தம் ஆயிரத்து அறுநூறு வீடுகள்.

இத்தனை ஜனம் குடிவந்தால், காய்ச்சல் தலைவலி என்று வருகிறவர்களை யார் பார்ப்பது என்று நகராட்சிக்கே ஒருநாள் சந்தேகம் வந்துவிட்டது. அதிசயந்தான். தேவை எவ்வளவு, வசதி எவ்வளவு என்று பார்த்து அறிக்கை எழுத ஒருவரை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். கையில் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். நீங்கள் எதைச் சொன்னாலும் அது எந்தக் கட்டத்துக்குள் போகும் என்று அதில் தேடுவார். இரண்டாம் நாளே பெஞ்சில் இருந்தவர்கள் அவருக்குக் கட்டம் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கட்டம் சார் மூன்று நாள் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார், ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசி நாள் சிஸ்டர் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க சிஸ்டர்?"

"தொண்ணூறு. திங்கக்கிழமைன்னா நூத்திப் பத்து."

"புது வீடுங்க நிரம்பினா இன்னும் ஒரு அறுபது பேர் வரலாம். இப்ப இருக்கிற இடத்த, ஆள வெச்சுப் பார்க்க முடியுமா?"

சிஸ்டர் அப்போது ஒரு கொத்தனாரின் பாதத்துக்குக் கட்டுத் துணி கத்தரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சமாளிச்சுக்கலாம் சார்."

கட்டம் சார் திரையில் ஓரிடத்தைத் தொட்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து அந்த அறிக்கையின் சுருக்கத்தைச் சுகாதார நிலையத்தின் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். சிஸ்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். தற்போதைய வசதி: போதுமானது. கூடுதல் பணியாளர்: தேவையில்லை. விரிவாக்க மனை: புதிய குடியிருப்பின் வாகன நிறுத்தத்துக்கு ஒதுக்கலாம். ஆட்சேபணை இருப்பவர்கள் அடுத்த சனிக்கிழமை காலை பள்ளிக்கூட ஹாலுக்கு வரலாம்.

வாகன நிறுத்தமாம். இங்கே மனுஷர் நிற்க இடமில்லை, காருக்கு நிழலா? சிஸ்டருக்கு வந்த கோபத்தில் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கட்டம் சாரின் ஆபீசுக்குப் பஸ் ஏறினார்.

"யார் சொன்னா போதும்னு? எந்த மகராசன் சொன்னான்?" என்று வாசல்படியிலேயே ஆரம்பித்தார்.

கட்டம் சார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டேப்லெட்டை எடுத்து சிஸ்டர் பக்கம் திருப்பினார். கேள்வி பதினேழு. அதற்கு நேரே சிஸ்டரின் பெயரும் தேதியும். அதற்குக் கீழே ஒரே வார்த்தை: சமாளிக்கலாம்.

"நான் கேக்க வேண்டியத கேட்டேன். நீங்க சொன்னத போட்டேன். சமாளிக்கலாம்னா எங்க படிவத்துல போதுமானதுன்னு அர்த்தம்."

"ஜனங்ககிட்ட கேட்டீங்களா?"

"இருநூறு வீட்ல கேட்டேன். சிகிச்சை எப்படி இருக்குன்னு. நூத்துக்கு எண்பது பேர் 'பரவாயில்லை'ன்னாங்க." அவர் இன்னொரு கட்டத்தைக் காட்டினார். "பரவாயில்லைன்னா திருப்தின்னு அர்த்தம்."

அந்த ஆளைத் திட்ட ஒரு வழியும் இல்லை என்பதுதான் சிஸ்டருக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் சும்மா இருக்கிற ஆளா அவர்? மறுநாள் ஒரு நோட்டு வாங்கிப் பெஞ்சில் வைத்தார். "எல்லாரும் உங்க கஷ்டத்த எழுதுங்க. எத்தனை நேரம் காத்துக் கெடந்தீங்க, எத்தனை தடவை பார்க்காம திரும்பிப் போனீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. சனிக்கிழமை கொண்டுபோய்க் குடுக்கணும்."

எல்லோரும் ஒழுங்காக எழுதினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டில் நாற்பத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். சிஸ்டர் பிரித்துப் படித்தார்.

'சிஸ்டர் தங்கமானவர். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.' 'எவ்வளவு கூட்டம் இருந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்.' 'மூன்று மணி நேரம் காத்திருந்தேன், ஆனால் சிஸ்டர் அன்பாக விசாரித்ததில் வலியே தெரியவில்லை.' ரிட்டையரான கணக்கு வாத்தியார் ஒருவர் உபதலைப்பு எல்லாம் போட்டு நாலு பக்கம் எழுதி, கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருந்தார்.

"புகார் எழுதச் சொன்னா வாழ்த்து மடலா எழுதி வெச்சிருக்கீங்க?" என்று சிஸ்டர் சத்தம் போட்டார்.

"உங்களப் பத்திப் புகார் எழுத எப்படிங்க கை வரும்?" என்றார் வாத்தியார்.

நோட்டை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார் சிஸ்டர். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் காருக்கு நாமே கதவு திறந்துவிட்ட மாதிரி.

சிஸ்டரின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அந்த நாலு கட்டடத்துக்கும் லிஃப்ட் மாட்டுகிற வேலையில்தான் இருந்தார். அவர் வேலை முடிந்து வந்து கை கழுவும்போது சிஸ்டர் அடுப்படியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. நூற்றுப் பதினாலு பேர். தையல்கார அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, ஒரு பெயிண்டருக்குச் சர்க்கரை மாத்திரை. இரண்டையும் ஒரே நேரத்தில் கவரில் போட்டு, மாற்றிக் கொடுத்துவிட்டார் சிஸ்டர். பெயிண்டர் கொஞ்சம் உஷாரானவர். மத்தியானம் திரும்பி வந்து, "இந்தத் தடவை கலர் மாறியிருக்கே சிஸ்டர்" என்றார். அப்போதுதான் தெரிந்தது. கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். தையல்கார அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கையில் இரண்டு மாத்திரையும் இன்னொரு கையில் தண்ணீர் டம்ளருமாக இருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். வெறும் வயிற்றில் அந்தச் சர்க்கரை மாத்திரை உள்ளே போயிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று சிஸ்டருக்குத் தெரியும். "கம்பெனி மாறி வந்துடுச்சு, இத சாப்பிடுங்க" என்று கவரை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'இதுக்காகவா இந்த வெயில்ல ஓடி வந்தீங்க'ன்னு உட்கார வெச்சுத் தண்ணி குடுத்தாங்க." சிஸ்டர் கையிலிருந்த நோட்டை மூடினார். "அந்த டம்ளர்லயே."

வீட்டுக்காரர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க லிஃப்ட்ல எட்டுப் பேர்னு எழுதியிருக்கும். ஒன்பதாவது ஆள் கால வெச்சா கத்தும். ஜனங்க அதத் திட்டுவாங்க. ஆனா கத்துற லிஃப்ட்டப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. பன்னெண்டு பேர் ஏறியும் கத்தாம நிக்கும் பாரு, அதத்தான் மொதல்ல நிறுத்துவேன்."

"அப்ப என்னைய லிஃப்ட்டுங்கிறீங்களா?"

"பின்ன? நானும் இருபத்திரண்டு வருஷமா அந்த லிஃப்ட்லதானே ஏறிட்டு இருக்கேன். எனக்கும் இப்பத்தான் தெரியுது."

சிஸ்டர் சிரித்தார். அப்புறம் அழுதார். வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூட ஹாலில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் சுகாதார அதிகாரி அம்மா, பக்கத்தில் கட்டம் சார். முன்வரிசையில் கணக்கு வாத்தியார் தன் நாலு பக்கத்தை வாசிக்கத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் தையல்கார அம்மா. அவரைப் பார்த்ததும் சிஸ்டர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். சொல்லாமலே இருந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. மனை போனால் போகட்டும், இந்த வயதில் பேர் கெடாமல் இருக்கட்டும். இப்படி நினைத்ததற்காக அவரை யாரும் குறை சொல்ல முடியாது. நமக்கெல்லாம் இருக்கிற ஒரே சொத்து அந்தப் பேர்தானே.

வாத்தியார் எழுந்திருப்பதற்குள் சிஸ்டர் எழுந்துவிட்டார்.

"கேள்வி பதினேழுக்கு நான் சொன்ன பதில் பொய் மேடம்."

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னார். எந்தக் கிழமை, எத்தனை பேர், எந்த மாத்திரை, கம்பெனி மாறிவிட்டது என்று சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது தையல்கார அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டிய விஷயம், தெரியுமில்ல?" என்றார் அதிகாரி அம்மா.

"தெரியும் மேடம்."

"அந்த அம்மா இங்க இருக்காங்களா?"

தையல்கார அம்மா மெதுவாக எழுந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்து வந்திருந்தார்.

"உங்களுக்கு இதுல ஏதாவது புகார் உண்டா?"

"பரவாயில்லைங்க," என்றார் அவர், பழக்க தோஷத்தில். கட்டம் சாரின் விரல் தன்னால் திரைக்குப் போனது. அதை அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"ஐயா, இருங்க. அத எழுதிக்காதீங்க."

விரல் நின்றது.

"அது நான் சிஸ்டருக்குச் சொன்னது. அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஓடி வந்தப்போ அவங்களுக்கு இரைச்ச இரைப்பு எனக்கு இன்னும் காதுல இருக்கு. என்னமோ இருக்குன்னு அன்னைக்கே தெரியும், கேக்கலை." அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டார். "உங்களுக்குச் சொல்றதுன்னா, பரவா இருக்குங்க. ரொம்பவே இருக்கு."

அப்புறம் பின்வரிசையில் கொத்தனார் எழுந்து, கட்டு மாற்ற இரண்டு தடவை வந்து திரும்பிப் போனதாகச் சொன்னார். ஒரு கர்ப்பிணிப் பெண் எடை பார்க்க நாலு மணி நேரம் நின்றதாகச் சொன்னாள். வாத்தியார் தன் நாலு பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போன மாதம் பெஞ்சில் உட்கார இடமில்லாமல் மயங்கி விழுந்ததை இரண்டே வரியில் சொன்னார்.

"சிஸ்டர், அப்ப பதினேழுக்கு என்ன போட?" என்றார் கட்டம் சார்.

"முடியலைன்னு போடுங்க."

அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அப்படி ஒரு கட்டமே இல்லையே."

"பேப்பர்ல எழுதுங்க," என்றார் அதிகாரி அம்மா.

மூன்று வாரம் கழித்து ஒரு உறை வந்தது. அதற்குள் இரண்டு தாள். முதல் தாளில் மனை சுகாதார நிலையத்துக்கே என்றும், மாதக் கடைசிக்குள் இன்னொரு நர்ஸ் வருவார் என்றும் இருந்தது. இரண்டாவது தாள் சிஸ்டருக்கான மெமோ. மாத்திரை மாறியதற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். கடைசி வரி ஒரு கேள்வி: இனி இத்தகைய தவறு நேராமல் தங்களால் பார்த்துக்கொள்ள முடியுமா?

சிஸ்டர் பேனாவைத் திறந்தார். கை அதுபாட்டுக்கு 'ச' என்று ஆரம்பித்துவிட்டது. அதை அடித்துவிட்டு, தெளிவான கையெழுத்தில் எழுதினார்: தனியாக முடியாது.