சாம்பல் தேய்த்த மூன்று பரணிகள்

ஆறு பரணியில் இருந்த செடிகளில் மூன்று பச்சையாகவும் மூன்று மஞ்சளாகவும் நின்ற அந்தக் காலையில் பகவதியக்கா பல்கூடத் தேய்க்கவில்லை. சுசீந்திரத்தில் அவள் வீட்டுப் பின்முற்றத்தில், ஊறுகாய் போடுகிற பீங்கான் பரணிகளின் முன்னால் குந்தியிருந்து, உளுந்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் குடத்தோடு பின்னால் நின்றேன். ஐம்பத்து நாலாம் வருடம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. அக்காவுக்கு எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தேன்.

அக்கா திருவனந்தபுரத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்தாள். அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டதை உங்களுக்குச் சொல்கிறேன், மக்களே. உளுந்தைப் பிடுங்கினால் வேரில் கடுகும் மிளகுமாக முடிச்சுகள் இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன்தான் என்றாலும் செடியால் அதை அப்படியே உண்ண முடியாது. இந்தக் கிருமிகள்தாம் அதைப் பிடித்துச் செடிக்குச் சோறாக்கிக் கொடுக்கின்றன. அந்தச் சமையலைச் செய்யும் என்சைமுக்கு மாலிப்டினம் என்றொரு உலோகம் வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். தூசியிலும் தூசி அளவு போதும், ஆனால் இல்லாமல் முடியாது. ஆறு பரணிக்கு அது சேர்த்த சத்துநீர், ஆறு பரணிக்குச் சேர்க்காதது. சேர்க்காத ஆறும் மஞ்சளாக வேண்டும்; அவற்றில்தான் மூன்று பச்சையாக நின்றன. வெள்ளிக்கிழமை பேராசிரியர் பார்க்க வருகிறார். அவர் ஒப்பினால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகவேண்டியதுதான்.

அவள் அதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. மணலை அமிலத்தில் ஊறவைத்து அலசினாள். கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று, காய்ச்சி வடித்த தண்ணீரைக் கண்ணாடிக் குப்பிகளில் பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

"வெறும் தண்ணியா? நம்ம ஊரு பழையாறு வத்திப்போச்சா அம்மா?" என்று கண்டக்டர் சிரித்தாராம்.

"எல்லாத்துக்கும் ஒரே மணலு, ஒரே தண்ணி. பின்ன இந்த மூணும் எப்படிட்டி பச்சையாச்சு?"

அந்தக் காலையில் அக்கா இதை என்னிடம் கேட்டாளா, செடியிடம் கேட்டாளா தெரியவில்லை. நான் குடத்தைக் கீழே இறக்கிவைத்தேன். விதை போடுவதற்கு முன்பு, "பரணியளச் சுத்தமா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் திருவனந்தபுரம் போயிருந்தாள். உள்ளே பார்த்தால் வெள்ளையாகத் திட்டுத்திட்டாய் என்னவோ படிந்திருந்தது. இதையா படித்தவள் சுத்தம் என்கிறாள் என்று, எங்கள் அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து தேங்காய் நாரால் தேய்த்தேன். கிணற்றுப் பக்கம் இருந்த மூன்றைத் தேய்த்து முடித்தபோது களத்தில் நெல்லுச் சூடடிக்க ஆள் வந்து கூப்பிட்டது. மற்றவற்றை அப்படியே விட்டுப் போனேன்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, அந்த முகத்தைப் பார்க்க முடியாது என்ற பயம். வியாழக்கிழமை மத்தியானம் அக்கா எழுந்து, பச்சைச் செடி ஒன்றின் தண்டைப் பிடித்தாள்.

"சவத்தப் பிடுங்கிப் போட்டுட்டு, தோத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்திர வேண்டியதுதான்."

"பிடுங்காதீங்கோ அக்கா. நாந்தான்."

"நீதான்னா? பச்சச் சாயம் பூசினியா?"

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவள் கை தண்டிலேயே இருந்தது.

"எந்த மூணு பரணி? நல்லா யோசிச்சுச் சொல்லு மக்கா."

எனக்கு எழுத்துத் தெரியாது. அவள் ஒட்டிய சீட்டுகள் எனக்கு வெறும் கோடு. ஆனால் தேய்த்த பாத்திரத்தைக் கை மறக்குமா? "வாயில விரிசல் விட்டது, காது ஒடஞ்சது, அடியில கறுத்த புள்ளி உள்ளது."

அக்கா ஒவ்வொன்றாகச் சரித்துப் பார்த்தாள். மூன்றும் பச்சை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"என்ன விறகு எரிச்ச சாம்பலு?"

"தென்னமட்ட, பூவரசு."

"சாம்பல்ல நூறு சாமான் கெடக்கும். எது பச்சையாக்கிச்சுன்னு பாக்கணும்லா? போ, ஒரு செரட்ட அள்ளிட்டு வா."

மஞ்சளாய் நின்ற மூன்றில் ஒன்றுக்கு அந்த உலோகம் கலந்த நீர், ஒன்றுக்குச் சாம்பலை வடிகட்டிய நீர், ஒன்றுக்கு எதுவுமில்லை. மறுநாள் வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கெட்டுப்போன சோதனை" என்றார். அக்கா மறைக்கவில்லை. நோட்டை விரித்துக் காட்டினாள். கழுவியவர் பூங்கனி, சாம்பல் கொண்டு, என்று மையில் எழுதியிருந்தாள். யார் பூங்கனி என்று அவர் கேட்க, நான் தென்னைக்குப் பின்னால் போய்விட்டேன். "ரெண்டு வாரம் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு வாரமும் நான் விடிந்ததும் ஓடிவந்து பார்ப்பேன். முதலில் குருத்தில், பிறகு இலையில் பச்சை ஏறியது. உலோகம் விட்டதில் ஏறியது. சாம்பல் நீர் விட்டதிலும் ஏறியது. எதுவும் விடாதது மஞ்சளாகவே நின்றது.

பேராசிரியர் வரவிருந்த காலையில் அக்கா மூன்று செடிகளையும் மணலோடு கவிழ்த்தாள். வேரை அலசி, ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சைப் பிளேடால் கீறி என் உள்ளங்கையில் வரிசையாக வைத்தாள்.

"ரத்தம் மாதிரி இருக்கே அக்கா."

"அது இரும்பு. நம்ம ரத்தத்தில உள்ளது மாதிரி ஒண்ணு. செவந்திருந்தா உள்ள சமையல் நடக்குன்னு அர்த்தம்." அவள் பிளேடை முந்தானையில் துடைத்தாள். "நீ அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா, மக்கா..."

தெருமுனையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா முகம் கழுவ ஓடினாள். நான் அசையாமல் நின்றேன். உள்ளங்கையில் இரண்டு முடிச்சுகள் சிவந்தும், எதுவும் விடாத செடியுடைய ஒன்று வெளிறியும் கிடந்தன. காற்றில் காய்ந்துவிடாமல் மற்றக் கையைக் குவித்து அவற்றின்மேல் பிடித்துக்கொண்டிருந்தேன்.