கலங்கிய தொட்டி

சுவேதாவுக்கு ஓசூர் சிப்காட்டில் பற்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஜன்னல் இல்லாத அறை. வெள்ளை விளக்கின் கீழே பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு பல்லையும் பார்த்து, கீறல் தெரிந்தால் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கண் அந்த வேலையை விடவில்லை. சோற்றில் கல், சுவரில் விரிசல், கணவன் மாதேஷின் காலரில் அழுக்கு என்று எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்தது.

"என்னையும் ரிஜெக்ட் பண்ணிடாத" என்றான் மாதேஷ் ஒரு நாள், சிரித்துக்கொண்டே. அவன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன்.

அவள் சிரிக்கவில்லை. குறை தேடாமல் பார்ப்பதற்கு வீட்டில் ஏதாவது ஒன்று இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

கூட வேலை செய்யும் ஹரிணியின் வீட்டில் அவள் பார்த்திருந்த மீன்தொட்டியில் மோட்டார் கிடையாது, குமிழி விடும் பொம்மையும் கிடையாது. அடியில் மண், மேலே மணல், அதில் நெருக்கமாகச் செடிகள். நடுவில் மீன்கள் தங்கள் பாட்டுக்குத் திரிந்தன. "செடி நல்லா புடிச்சிக்கிச்சின்னா தண்ணிய அதுவே பாத்துக்கும். நம்ம கைய வெச்சிக்கிட்டு சும்மா இருக்கணும், அதான் கஷ்டம்" என்று ஹரிணி சொல்லியிருந்தாள்.

மாதேஷ் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றை எங்கோ பிடித்துக் கொண்டுவந்தான். அதை மாடிப்படியில் ஏற்றும்போதே வீட்டுக்காரர் கங்கப்பன் வெளியே வந்துவிட்டார். ரோஜாத் தோட்டத்தில் ஒரு பங்கை விற்று இந்த வீட்டைக் கட்டியவர். கீழே அவர் குடியிருந்தார், மேலே இவர்கள். மனைவி சம்பங்கி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூருக்குப் போனதிலிருந்து அவர் தனியாகத்தான் இருந்தார். சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டாலே மேலே ஏறி வந்துவிடுவார்.

"என்னம்மா இது? தண்ணி ரொப்புனா எவ்ளோ கனம் ஆவும்? என் சீலிங் என்னத்துக்கு ஆவறது?"

"சுவரோரமா, பீம் மேல வெச்சிக்கறோம் அங்கிள். ஒரு சொட்டு கீழ வராது."

"வந்திச்சின்னா?"

"வந்தா நானே எடுத்துடறேன்."

அவர் அரைமனதாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மாதேஷின் சொந்த ஊர் கெலமங்கலம். அங்கே உரம் படாத வேலியோர மண்ணாகப் பார்த்து ஒரு சிமெண்டுப் பையில் அள்ளி வந்தான். சுவேதா அதைச் சலித்து, வேரும் கல்லும் நீக்கி, தொட்டியின் அடியில் இரண்டு விரல் உயரம் பரப்பினாள். அதன்மேல் கழுவிய மணல். பிறகு செடிகளை ஒவ்வொன்றாக ஊன்றினாள். நாடா போல நீண்ட இலைகள் பின்பக்கம், குட்டையானவை முன்னால், வேலம்பாசி ஒரு மூலையில். மண் கிளம்பாமல் இருக்க ஒரு தட்டை வைத்து அதன்மேல் போர் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். அப்படியும் மறுநாள் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் நின்றது. சில இலைகள் அழுகின. கண்ணாடியில் பச்சையாக ஏதோ படிந்தது.

எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட அவள் கை துறுதுறுத்தது. ஹரிணி வேண்டாம் என்றாள். சுவேதா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை மொண்டுவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டதைத் தவிர எதையும் தொடவில்லை. அழுகிய இலைகளுக்கு அடியிலிருந்து புதுத் துளிர் வந்தது. செடியோடு ஒட்டி வந்த நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்தன. ஒரு நாள் காலை வெயில் பட்டபோது இலைகளிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் கோடு கோடாக மேலே போயின. அதன்பிறகுதான் கப்பி மீன்களை வாங்கி விட்டாள். இந்த உப்புத் தண்ணீருக்கு அவைதான் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

ஷிப்ட் முடிந்து வந்தால் காபி டம்ளரோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஓட்டை விழுந்த இலையும் அதில் இருந்தது, வால் கிழிந்த மீனும் இருந்தது. அவற்றை எந்த டப்பாவிலும் எடுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. சீலிங் ஈரமா என்று பார்க்கும் சாக்கில் கங்கப்பனும் அவ்வப்போது வந்து நின்றுவிட்டுப் போவார். "தீனி போடறியா, இல்லியா?" என்று மட்டும் கேட்பார்.

மார்கழியில் ஒரு நாள் பகல் ஷிப்டில் இருந்தாள். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். சாயங்காலம் வெளியே வந்து பார்த்தபோது கங்கப்பனிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால்கள். திருப்பி அழைத்தால் அவர் எடுக்கவில்லை. மாதேஷ் வெளிச் சவாரியாக, பயணிகளை ஏற்றிக்கொண்டு திருப்பதி போயிருந்தான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மறுபடி மறுபடி அவரை அழைத்துப் பார்த்தாள்.

வீட்டு வாசலில், படிக்கட்டுக்கு அடியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்திலிருந்த சிமெண்டுத் தொட்டி முன்னால் கங்கப்பன் நின்றிருந்தார். லுங்கி முட்டிவரை நனைந்திருந்தது. கையெல்லாம் சேறு.

"ஹால்ல டிவி மேல சொட்டுச்சி. மேல ஓடிப் போய் ஸ்பேர் சாவியப் போட்டுத் தொறந்தா, மூலையில கண்ணாடி ஒட்டு விட்டுப்போயி ஒழுவுது. பாதி தண்ணி போயிடுச்சி. உனக்குப் போன் பண்ணேன், பண்ணேன், எடுக்கவேயில்ல."

"போன் உள்ள விடமாட்டாங்க அங்கிள்."

"எனக்கு என்னா தெரியும் இதப்பத்தி? மீன மொதல்ல புடிச்சேன். புடிச்ச வரைக்கும் சொம்புல போட்டு எடுத்தாந்தேன். அப்புறம் செடி. மண்ணில்லாம செத்துடுமோன்னு மண்ணு, மணல் எல்லாத்தையும் மொறத்துல வாரியாந்து இதுல கொட்டிட்டேன். மேலாக்க போர் தண்ணிய வுட்டேன்."

சுவேதா தொட்டியை எட்டிப் பார்த்தாள். செம்மண் குழம்பாக இருந்தது. வேரோடு பிடுங்கிய செடிகள் மேலே மிதந்தன. மீன் ஒன்றுகூடத் தெரியவில்லை. அடியில் கிடந்த மண்ணைக் கிளறினால் அதிலிருந்து கிளம்பும் வாயுவே மீனைக் கொன்றுவிடும் என்று ஹரிணி சொன்னது நினைவுக்கு வந்தது. வாய்வரை வந்த வார்த்தையை, அவருடைய கையைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். நகக்கண்ணெல்லாம் மணல்; ஒரு விரலில் கண்ணாடி கிழித்த கோடு.

"டிவி?" என்று கேட்டாள்.

"அது கெடக்குது. மீனு இருக்குமா, இருக்காதா?"

"தெரியல அங்கிள்."

"தண்ணிய எறச்சிப் பாத்துடலாமா?"

"வேணாம். இப்பத் தொட்டா இன்னும் கலங்கும். தொட்டி பெரிசு, தண்ணி நெறைய இருக்குது. அப்படியே வுட்டுடலாம்."

அவள் செடிகளை மட்டும் ஓரமாக ஒதுக்கி, வேர்கள் தண்ணீரில் மூழ்கும்படி விட்டாள். அன்று வேறெதுவும் செய்யவில்லை. மாடியில் காலித் தொட்டி சேற்றுக் கறையோடு நின்றது. அதைப் பார்க்காமல் படுத்தாள்.

மறுநாள் காலை இறங்கி வந்தபோது கங்கப்பன் தொட்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அப்படியேதான் இருந்தது. "செத்த மீனு மேல வரும் இல்ல?" என்றார். "ஒண்ணுகூட வரல. நான் எந்திரிச்சதுல இருந்து பாத்துக்கினு இருக்கறேன்."

"நத்தை தின்னிருக்கலாம்" என்றாள் அவள். சொன்னபிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

அடுத்த நாளும் அப்படியே போனது. திரும்பி வந்த மாதேஷ், புது மீன் வாங்கி வருகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்றாள். கங்கப்பன் தோட்டத்திலிருந்து பசுமைக்குடில் வலைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, வெயில் நேராக விழாமல் தொட்டிக்கு மேலே கட்டினார். போர் மோட்டார் போடும்போது தொட்டிக்குள் தண்ணீர் கொட்டாமல் குழாயைத் திருப்பி வைத்தார். இதையெல்லாம் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. மண் மெல்ல மெல்ல அடியில் படிந்தது. ஒரு சாண், பிறகு ஒரு முழம் ஆழம்வரை கண்ணுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுவேதா துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, செத்த வா."

சத்தமாகக்கூட அவர் கூப்பிடவில்லை. அவள் ஈரத்துணியோடு இறங்கினாள். அவர் விரலை நீட்டாமல் கண்ணால் காட்டினார். வேலம்பாசிக்கு அடியில் ஆரஞ்சு வால் ஒன்று அசைந்து மறைந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னொன்று வந்தது. வால் கிழிந்ததும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இமைமயிர் அளவுக்குக் குஞ்சுகள் தொட்டியோரமாகப் போயின.

"இது எப்ப போட்டுது?" என்றார் கங்கப்பன்.

"இந்தச் சேத்துலதான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்த்திருக்கவில்லை.

எல்லா மீனும் பிழைத்துவிடவில்லை. பாதிக்குமேல் கடைசிவரை தென்படவே இல்லை. சுவேதா ஒரு மாலை முழுக்கத் தொட்டியோரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். பிறகு மாதேஷ் கண்ணாடி ஒட்டைப் பிரித்துப் புதிதாக ஒட்டி, வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் கீழே வராந்தாவில் வைத்துச் சோதித்தான். கங்கப்பன் தினமும் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். காய்ந்திருக்கிறது என்று திருப்தியானபிறகு, மேலே ஏற்ற அவரே ஒரு பக்கம் பிடித்தார். பழையபடி மண், மணல், செடி. குஞ்சுகளில் கொஞ்சத்தை அவள் எடுத்துக்கொண்டாள். மீதியையும் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டபோது, "அதுங்க இங்க பழகிடுச்சி, எதுக்கு அலக்கழிக்கறது?" என்றார். அவள் வற்புறுத்தவில்லை.

யுகாதிக்கு முந்தின நாள் சம்பங்கி பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். பையை வைத்த கையோடு பயணத்துணியை ஊறப்போட வாளியோடு வெளியே வந்தாள். சுவேதா வேலைக்குக் கிளம்பி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, தொட்டிய வலை போட்டு மூடி வெச்சிருக்கறீங்க? இதுல என்னா பாசி?"

"பாசி இல்ல, செடி. கைய விடாத" என்றார் கங்கப்பன் உள்ளேயிருந்து.

"துணிய எங்க ஊற வெக்கறது?"

"பக்கெட்டுல வை."

"இத்தினி வருசமா இதுலதான வெச்சேன்."

"இனிமே பக்கெட்டு."

சம்பங்கி மாடிப்படியைப் பார்த்தாள். சுவேதா லேசாகச் சிரித்தாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் வேகமாக நடந்தாள். பின்னால் கங்கப்பனின் குரல் கேட்டது: "அப்பிடிக் குனியாத, நெழல் விழுந்தா ஓடிப்போயிடும். இந்தப் பக்கமா வந்து நில்லு. தானா வரும்."