வாளி இருந்த இடம்

மழைக்காலம் முழுக்க என் அறையின் நடுவில் ஒரு வாளி இருந்தது. விடியுமுன் பேக்கரிக்குப் போய் மதியம் திரும்பும் எனக்கு, கூரையிலிருந்து சொட்டும் சத்தத்தில் கண் சொருகும். வீடே மெல்ல மிதந்து எங்கோ போவது போல இருக்கும். கனவிலும் அந்த வாளியைச் சுற்றித்தான் நடப்பேன்.

"கூரையைச் சரிபண்ணுங்க, வாடகை தர்றேன்" என்று ஆறு மாத வாடகையை நிறுத்தி வைத்தேன். வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார். கூரை ஒழுகவே இல்லையாம், வாடகையை ஏப்பம் விட நான் கட்டிய கதையாம். கதை கட்டத் தெரிந்தவள் எதற்கு மாவு பிசைகிறாள்?

வீட்டை நேரில் பார்த்து அறிக்கை எழுதித் தரும்படி ஜட்ஜ் ஒரு வக்கீலம்மாவை அனுப்பினார். அவர் எனக்கு எதிராக எழுதினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். வாய்தாமேல் வாய்தா வாங்கி அவர் வந்து சேர்ந்தபோது நல்ல வெயில் காலம். கூரையில் இருந்த கறைக்கு வீட்டுக்காரர் போன மாதமே வெள்ளையடித்துவிட்டார். நான் கேட்காமல் அவர் செய்த ஒரே ராஜ உபசாரம் அது. வாளியும் குளியலறைக்குப் போய்விட்டது. காட்டுவதற்கு ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

"வெளிச்சமே இல்ல. சார், அந்த ஜன்னலக் கொஞ்சம் திறங்க" என்றார் வக்கீலம்மா, கூட வந்திருந்த வீட்டுக்காரரிடம், வாசற்படியில் நின்றபடி.

வீட்டுக்காரர் நடந்தார். அறையின் நடுவே வந்ததும் பேன்ட்டை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் தரையைச் சுற்றி அரைவட்டம் போட்டார். ஜன்னலைத் திறந்துவிட்டு, அதே அரைவட்டத்தில் திரும்பி வந்தார். தூக்கத்தில் நடப்பவர் மாதிரி இருந்தது.

"சார், கீழ ஒண்ணுமே இல்லையே. ஏன் சுத்தி வர்றீங்க?" என்றார் வக்கீலம்மா.

அவர் தரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சின்ன வயசுல இந்த ரூம்லதான் படுப்போம். மழை ஒழுகுனா அம்மா அங்கதான் அண்டா வைப்பாங்க. கால் பட்டுக் கவுந்துச்சுன்னா முதுகுல டின் கட்டிடுவாங்க."

வக்கீலம்மா பேனாவைத் திறந்தார். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அந்தச் சத்தத்துல நல்லா தூக்கம் வரும்ல சார்?" என்று கேட்டேன்.

"வரும்" என்றார். "இப்பதான் வர்றதில்ல."

எழுதி முடித்து வக்கீலம்மா ஜன்னலை மூடப் போனார். அவரும் சுற்றித்தான் போனார்.