எட்டாவது நாசில்

ஊசி எப்போது உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. காலையில் மிஷினை ஓட்டியதும் தையல் விட்டு விட்டு விழுந்தது. அன்புசெல்வி ஊசியைக் கழற்றிப் பார்த்தாள். நுனியைக் காணோம்.

பனியன் கம்பெனியில் வேலை பார்க்காதவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். ஆனால் வீரபாண்டிப் பக்கம் இருக்கிற அந்தக் கம்பெனி தைப்பது கைக்குழந்தைகளின் உடுப்பு. ஊசி உடைந்தால் துண்டு மொத்தமும் கைக்கு வந்தாக வேண்டும். துண்டுகளைப் பொருத்தி, முழு ஊசி ஆகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். துண்டு வராவிட்டால் அந்த மிஷினில் கடைசியாகத் தைத்த பண்டல்களை எல்லாம் வெட்டிப் போட வேண்டும். இரும்பைக் காட்டிக்கொடுக்கிற டிடெக்டரில் ஓட்டிச் சத்தம் வராவிட்டாலும் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். அன்புசெல்வி போன மாசம்தான் இப்படி ஒரு நுனியைத் தொலைத்துவிட்டு வார்னிங் வாங்கியிருந்தாள். இதுவும் கிடைக்காவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும்.

லைன் நின்றுவிட்டது. பண்டல்களைப் பிரித்து உதறினார்கள், தரையைக் கூட்டினார்கள். அந்த லைனின் மெக்கானிக் தனபால், அன்புசெல்வியின் புருஷன், கையில் காந்தத்தோடு மிஷினுக்கு அடியில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தான். நேற்றுச் சாயங்காலம் இதே மிஷினுக்கு எண்ணெய் விட்டது நாம்தானே என்ற நினைப்பு அப்போதுதான் அவனுக்கு வந்தது. எண்ணெய் விடும்போது பஞ்சுத் தூசிக்குள் ஒரு துண்டு மின்னியிருந்தது. எப்போதோ உடைந்த பழைய துண்டு என்று நினைத்திருந்தான். அளவு கச்சிதமாக இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தான். இன்று எல்லாரும் தேடுகிற நுனி அதுதான் என்று புரிந்ததும் காந்தத்தைப் போட்டுவிட்டு எழுந்தான்.

எதற்கு அளவு என்று கேட்டால் அது பெரிய கூத்து. பழைய காலத்து அமெரிக்க டிராக் ரேஸ் கார்கள் என்றால் தனபாலுக்கு உயிர். வளைவே இல்லாத கால் மைல் ரோடு, அதில் கண்மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்கிற கார், கூரை கிடையாது, எஞ்சின் டிரைவரின் மூக்குக்கு முன்னால் உறுமிக்கொண்டிருக்கும். இங்கே பெருமாநல்லூர் ரோட்டில் முப்பதைத் தாண்ட முடியாத மனுஷனுக்கு அதன் மேல் ஏன் அப்படி ஒரு ஆசை என்று கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது. கோயமுத்தூரில் ஒருவரிடம் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அந்தக் காரின் மாடல் ஒன்று செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தது. பெட்டியைத் திறந்தால் எஞ்சின் இல்லை. எஞ்சின் இல்லாத ரேஸ் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வருஷக்கணக்கில் தேடினான். யாரிடமும் இல்லை. கடைசியில் தானே செய்ய உட்கார்ந்தான்.

ஈயக் கம்பியை வளைத்து எட்டு சைலன்சர் குழாய், தையல் நூலுக்கு மெழுகு போட்டு பிளக் வயர், மேலே காற்றை அழுத்தித் தள்ளுகிற புளோயர். புளோயரின் பெல்ட்டுக்குக் கறுப்பு எலாஸ்டிக்கை வெட்டிக் கொடுத்தது அன்புசெல்விதான். புளோயருக்கு அடியில், பெட்ரோலைப் பீய்ச்சுகிற நாசில், சிலிண்டருக்கு ஒன்றாக எட்டு. அதற்குத் தையல் ஊசியின் நுனியை விட்டால் வேறு கதியில்லை. கம்பெனிப் பொருளைத் தொடக்கூடாது என்று காதர்பேட்டையில் ஒரு பாக்கெட் ஊசி வாங்கித்தான் ஏழு செய்தான். எட்டாவதுக்கு வெட்டும்போது கடைசி ஊசி தெறித்துப் போய்விட்டது. அந்த இடத்தில்தான் நேற்று எடுத்த துண்டு உட்கார்ந்தது. அந்த ஒன்றுக்காக இன்னொரு பாக்கெட் வாங்கியிருக்கலாம். வாங்கியிருக்கலாமே!

"செல்வி, எப்படியாவது தேடிக்கிட்டே இரு கண்ணு. ஊட்டுக்குப் போயிட்டு ஓடியாந்தர்றேன்."

"இப்ப எதுக்குங்க ஊடு?"

அவன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். நுனியைக் கொண்டு வந்து மிஷினுக்கு அடியில் போட்டுவிட்டு, கிடைத்துவிட்டது என்று கத்தினால் போதும். அவளுக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை. வீடு இருக்கிற மண்ணரைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அவன் மண்டைக்குள் அந்த ஒரு யோசனைதான் ஓடியது.

எஞ்சின் டிவிக்குப் பக்கத்தில் இனிப்பு டப்பாவால் மூடி இருந்தது. ஃபெவிகுவிக் போட்டு ஒட்டியதை மெதுவாகப் பிரிக்க நேரமில்லை. பெல்ட்டை அறுத்தான். குறடால் புளோயரைப் பிடித்து இழுத்தான். பாதி உடைந்து கையோடு வந்தது. அடியில் எட்டு நாசிலும் வரிசையாக நின்றன. நேற்று ராத்திரி எட்டையும் ஒரு மூடியில் கொட்டி, ஒன்றாகச் செம்பு பெயிண்ட் அடித்து, கைக்கு வந்த வரிசையில் ஒட்டியிருந்தான். அதில் எது அவளுடைய ஊசி?

ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பிடுங்கப் பிடுங்க எஞ்சினின் மேல்பாகம் நொறுங்கியது. நெயில் பாலிஷ் ரிமூவரில் போட்டுத் தேய்த்தான். பெயிண்ட் போய் எட்டும் ஒரே மாதிரி வெள்ளையாகப் பளபளத்தன. அவற்றைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அரம் ஞாபகத்துக்கு வந்தது. ஓட்டையில் நேராக உட்கார வேண்டும் என்று எல்லாவற்றின் அடியையும் அராவி மட்டமாக்கியிருந்தான். கூர் தெரியக்கூடாது என்று மேலேயும் அராவியிருந்தான். ஊசியோடு பொருத்திப் பார்க்க உடைந்த விளிம்பு ஒன்றில்கூட இல்லை. தனபால் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அப்புறம் எட்டையும் தாளில் மடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். ஒன்றிலாவது கொஞ்சம் மிச்சம் இருக்காதா, லென்ஸில் தெரியாதா என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தான்.

இரண்டு பக்கமும் அராவிய துண்டைத் தரையில் போட்டு யாரையும் ஏமாற்ற முடியாது. நேராகக் குவாலிட்டி இன்சார்ஜ் நித்யஸ்ரீயின் டேபிளில் போய்த் தாளைப் பிரித்து வைத்தான். அன்புசெல்வி அங்கேதான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னான்.

நித்யஸ்ரீ திட்டவில்லை. ஒவ்வொரு துண்டாக இடுக்கியில் எடுத்து, உடைந்த ஊசியோடு வைத்து, லென்ஸில் பொறுமையாகப் பார்த்தாள். எட்டும் முடிந்து மறுபடி முதலில் இருந்து பார்த்தாள்.

"ஒண்ணும் சேரலீங்ண்ணா. இதுல எது நம்ம ஊசி?"

"தெரியலீங்க மேடம். ஆனா இதுல ஒண்ணுதானுங்க. பாக்கி ஏழும் நான் கடையில வாங்குனதுங்க."

"எந்த ஏழுங்ண்ணா?"

தனபால் துண்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க, நித்யஸ்ரீ தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எட்டுத் துண்டு லைன்ல இருந்து வெளிய போயிருக்குதுன்னுதானுங்ண்ணா நான் சொல்லோணும். இந்த மாசம் தெச்சதெல்லாம் ஹோல்டு, ஒண்ணையும் வெளிய அனுப்ப முடியாது. என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க ரெண்டு பேரும் நாளைக்கு வர வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க."

"நான் போயிர்றனுங்க. எம்மேலதானே தப்பு? இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம். இவள வுட்ருங்க."

நித்யஸ்ரீ அன்புசெல்வியைப் பார்க்காமல் லென்ஸை உறைக்குள் வைத்தாள்.

"போன மாசத்து நுனியும் இதுல இருக்குதுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டது அன்புசெல்வி.

"சத்தியமா இல்ல கண்ணு! அத நான் கண்ணுல கூடப் பாக்கல."

"ஒரு மாசமா எங்க போச்சு, எங்க போச்சுன்னு நான் தவிச்சுட்டுக் கெடந்தனுங்க. ராத்திரி எந்திருச்சு உக்காந்து உங்ககிட்டத்தானே கேட்டேன்."

"நான் எடுக்கல செல்வி. நம்பு."

அவன் சொன்னது உண்மைதான். ஆனால் டேபிளில் கிடந்த எட்டில் ஒன்றைக்கூட அவனால் எடுத்து இது இன்னது என்று காட்ட முடியவில்லை. அன்புசெல்வி எட்டையும் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போனாள்.

தைத்தவர்களேதான் வெட்ட வேண்டும், அது அங்கே வழக்கம். பண்டல் அவிழ்ந்து கிடந்தது. மஞ்சள் துணியில் வாத்து போட்ட குட்டிச் சட்டைகள். முதல் சட்டையை எடுத்துக் கழுத்தில் இருந்து கீழ் வரை வெட்டினாள். அடுத்ததை எடுத்தாள். தனபால் பக்கத்தில் போய் இன்னொரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஒரு சட்டைக்குக் கை நீட்டினான்.

"நீங்க தொடாதீங்க" என்றாள்.