ஈ தலையில் கொம்பு

அலுவலகத்தில் அவருக்குக் கொம்புவெட்டி என்று பெயர். ஆங்கிலப் பாடநூல் போடும் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவர். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குக் குடிவந்த சொற்கள் சில, ஈ எழுத்தின் தலையில் சாய்வாக ஒரு கோட்டைச் சுமந்துகொண்டே வந்துவிட்டன அல்லவா? கஃபேயில் ஒன்று, கிளிஷேயில் ஒன்று. அதைக் கண்டாலே மனிதருக்குப் பற்றிக்கொண்டு வரும். “மத்த எழுத்தெல்லாம் சும்மா இருக்கு, இந்த ஈக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?” என்று சிவப்பு மையால் ஒரே வெட்டு.

பதிப்பகத்தின் தலைமைப் பதிப்பாசிரியை ஒரு சொல்லுக்காக மட்டும் கெஞ்சிப் பார்த்தார். “ரெஸ்யூமேக்காவது விட்டு வைங்க சார். அதுல இருக்கற ரெண்டு கொம்பும் போனா அது ரெஸ்யூம் ஆயிடும். வேலைக்கு மனுப் போடற தாளா, விட்ட வேலையைத் திரும்பத் தொடங்கறதா, எப்படித் தெரியும்?”

“வாக்கியத்தைப் படிச்சாத் தெரியாதா மேடம்? படிக்கிறவன் என்ன முட்டாளா?”

அதற்கும் வெட்டு விழுந்தது.

பிறகு பதிப்பகத்தில் ஆட்குறைப்பு வந்தது. “கொஞ்ச நாள் வீட்ல இருங்க, சொல்லி அனுப்பறோம்” என்றார்கள். அவரும் இருந்தார். துவைத்த துணியை மறுபடி துவைத்தார், மனைவியின் சமையலில் பிழை திருத்தினார், வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு சனிக்கிழமை மதியம் ஆசிரியையிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. ஆங்கிலத்தில் நாலே சொல்: திங்கள், பத்து, தயவுசெய்து, அப்புறம் அந்தப் பாழாய்ப்போன சொல். தலையில் கொம்பு இல்லாமல்!

“வேலைக்குத் திரும்பி வரச் சொல்றாங்க!” என்று துள்ளினார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கண்ணைத் துடைப்பதற்குள் இவர் முகம் தொங்கிப்போயிற்று. “இல்ல... தாளைக் கொண்டுவரச் சொல்றாங்களோ?”

“ஏங்க, ரெண்டுல எது?”

“அதான் தெரியலையே!”

கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றிப் படித்தார். வேலைக்கு வா என்றால் எதற்குத் தயவுசெய்து? தாள் என்றால் மின்னஞ்சலில் கேட்க மாட்டார்களா? நாலு சொல்லில் வாக்கியம் எங்கே இருக்கிறது, படித்துத் தெரிந்துகொள்ள? மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

“போன் போட்டுக் கேட்டா வாயில முத்தா உதிர்ந்துடும்?” என்றாள் மனைவி.

எப்படிக் கேட்பார்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்?

திங்கட்கிழமை பையில் தாளும் இருந்தது, மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவும் இருந்தது. அவள் டப்பா பக்கம். “வேலைக்குத்தாங்க கூப்பிடறாங்க, பாருங்களேன்” என்று வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

“வாங்க சார், வந்துட்டீங்களா!” என்றார் காவலாளி. அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. நேரே போய்த் தன் நாற்காலியின் தூசியைக் கைக்குட்டையால் தட்டினார். மேசை இழுப்பறையில், வழக்கமான மூலையில் டப்பாவை வைத்தார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தபோது ஆசிரியை வந்து நின்றார்.

“சார், கொண்டு வந்தீங்களா?”

“எதை மேடம்?”

“கேட்டிருந்தேனே. தெரிஞ்ச பதிப்பகத்துல ஆள் எடுக்கறாங்க. நானே கொடுத்துச் சொல்லலாம்னு... இங்க இனிமே...”

அவர் தாளை எடுத்து நீட்டினார். இழுப்பறையைத் திறந்து டப்பாவையும் வெளியே எடுத்தார். ஆசிரியை அப்போதுதான் அதைப் பார்த்தார்.

“ஐயோ சார்... வேலைக்குன்னு நெனச்சுட்டீங்களா?”

கொம்புவெட்டி டப்பாவைப் பைக்குள் வைத்தார். “அந்த ரெண்டு கொம்பையும் போட்டிருந்தீங்கன்னா, என் வீட்டுக்காரி இன்னிக்குச் சாப்பாடு கட்டியிருக்க மாட்டா மேடம்.”

“போட்டேன் சார்” என்றார் ஆசிரியை. “உங்களுக்கு அனுப்பறோமேன்னு எடுத்துட்டேன்.”