தாய் தகப்பன் சாவுக்கு மட்டும்

தந்திப் பாரத்தில் தம்பியின் பெயரையும் சென்னை விடுதியின் விலாசத்தையும் எழுதிய அங்காளம்மாள், அதற்குமேல் கை ஓடாமல் நின்றாள். நைனாவின் உயிர் விடியற்காலையில் போய்விட்டது. எழுத வேண்டிய சேதி இரண்டே சொல்தான். அதை எழுதினால் நாகமுத்துவின் படிப்பு இன்றோடு தொலைந்தது. பாரத்தை மடித்துக் கையில் சுருட்டிக்கொண்டு, திருவள்ளூர் தபாலாபீசிலிருந்து மணவாள நகருக்கே திரும்பி நடந்தாள்.

தம்பி படிக்கும் காலேஜின் காகிதங்களில் அவள் நைனா அருணகிரி இரண்டு வருஷத்துக்கு முன்பே செத்தவர்.

பத்திரம் எழுதிப் பிழைத்த மனுஷன். மகன் படித்தால் சென்னையில் பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் காலேஜில்தான் என்று ஒரே பிடிவாதம். கவர்மெண்ட் காலேஜில் பத்தில் ஒரு பங்கு செலவில் இதே பி.ஏ.வைத் தருகிறார்கள் என்று மாமா கலியன் தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

“அங்க படிச்சவன் வேலை கேட்டுக்கினு நிக்க மாட்டான், கலியா. வேலைதான் அவனைத் தேடிக்கினு வரும்” என்றார் நைனா.

தகப்பனில்லாத பையன்களுக்கு அங்கே பாதி பீஸ் தள்ளுபடி என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். தெரிந்த கிராம முன்சீப் ஒருவரைப் பிடித்து, தன் சாவுக்குத் தானே முத்துமுத்தான கையெழுத்தில் சான்று எழுதி, முத்திரையும் வாங்கி வந்துவிட்டார். அட்மிஷன் அன்று அம்மா தாயாரம்மாள் ரயில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பொட்டை அழித்தாள். பூவை எடுத்துவிட்டாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது, நைனா குங்குமப் பொட்டலத்தோடு ஸ்டேஷனிலேயே நின்றிருந்தார்.

அங்காளம்மாளுக்கு இதிலெல்லாம் கோபம் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி.யில் தம்பியைவிட அவளுக்குத்தான் மார்க் அதிகம். டீச்சர் டிரெயினிங் அடுத்த வருஷம் என்றார்கள். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. ஆனால் காபி கொடுக்கும்போது “செத்தவனுக்கு இன்னாத்துக்குடி காபி” என்பார் நைனா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். பையன் பட்டம் வாங்கும் நாளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுவாராம். யாரென்று கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்வாராம். கடைசி ஆறு மாதம் வயிற்று வலியை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டதும் இந்த மனுஷன்தான். டாக்டருக்குக் கொடுப்பது விடுதிக்கு ஆகுமே என்று நினைத்திருப்பார்.

வீட்டில் மூங்கில் வந்து இறங்கியிருந்தது. மாமாவை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். சித்தப்பா செத்துவிட்டார் என்று கொடுக்கச் சொன்னார் மாமா. அது நடக்காது. இடையில் விடுதியை விட்டு வெளியே விடுவது தாய் தகப்பன் சாவுக்கு மட்டும்தான்; தந்தியைக் காட்ட வேண்டும். போன வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவனை அழைத்துவர நேரிலேயே போன மாமா, விடுதி கேட்டோடு திரும்பி வந்தவர்தான்.

“போனா போவுது படிப்பு” என்றார் மாமா. “அப்பனுக்குக் கொள்ளி வெக்கறதவிட அது பெருசா?”

நைனாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தாயாரம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அதுக்காவத்தான ரெண்டு வருசம் செத்துக் கெடந்தாரு.” பிறகு மகளிடம் திரும்பி, “அம்மா செத்துட்டாள்னு குடு” என்றாள்.

அங்காளம்மாள் கையில் சுருட்டியிருந்த பாரத்தைப் பிரித்தாள். வெளியே மூங்கில் பிளக்கும் சத்தம் கேட்டது.

தந்தி குமாஸ்தா ‘மதர் எக்ஸ்பயர்டு’ என்பதை இரண்டு முறை படித்தார். வெள்ளிக்கிழமைகூட அம்மாவைக் கோயிலில் பார்த்தேனே என்று வருத்தப்பட்டார். அங்காளம்மாள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதாள். நைனாவுக்காகத்தான் அழுதாள். ஆனால் தம்பி அந்தக் காகிதத்தைப் பிரிப்பதும், ரயிலில் தனியாக உட்கார்ந்து வருவதும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன.

மூன்றரை மணி ரயில் போன கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. “அம்மா, அம்மா” என்று கத்திக்கொண்டே நாகமுத்து ஓடிவந்தான். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். அப்பன் செத்ததற்கு இவன் ஏன் அம்மாவைச் சொல்லி அழுகிறான் என்று தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் தாயாரம்மாள் எழுந்து வாசற்படிக்கு வந்தாள். பெண்கள் அவளுக்கு முகம் நிறைய மஞ்சள் பூசி, தலைகொள்ளாமல் பூ வைத்திருந்தார்கள்.

நாகமுத்து அப்படியே நின்றுவிட்டான். பிறகு பாய்ந்து வந்து அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். கன்னமெல்லாம் ஈரமாக இருக்க, வாய்விட்டுச் சிரித்தான். அவன் இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து அங்காளம்மாள் பார்த்ததில்லை.

“உசுரோட கீறியாம்மா? நீ கீறியா?”

தாயாரம்மாள் அவன் கைகளை மெல்லத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, உள்ளே தெரியும்படி ஒரு பக்கமாக நகர்ந்து நின்றாள்.